அப்பாவோட மர வள்ளத்துக்கு அடிப்பலகை மாத்தினோம்: தூத்துக்குடி ஓடாவி பட்டறை, என் அனுபவம்

எங்க அப்பாவோட வள்ளம் 31 அடி, 1996ல கட்டினது, அயினிப் பலகை, நாட்டுக்கருவேல வங்கு (பலகையை உள்ள இருந்து தாங்குற விலா எலும்பு மாதிரி சட்டம்), உள்ள டீசல் இன்ஜின். போன மழை முடிஞ்சதுல இருந்து காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா தண்ணி இறைச்சாத்தான் மிதக்கும்ங்கிற நிலைமைக்கு வந்துருச்சு. பாக்கிறவங்க எல்லாம் வித்துட்டு ஃபைபர் படகு வாங்குங்கன்னாங்க, அப்பாவுக்கு மனசு வரல, எனக்கும் வரல, இந்த வள்ளத்துல ஓடித்தான் எங்க மூணு பேரையும் படிக்க வச்சாரு. கடைசியா திரேஸ்புரம் பக்கம் கடற்கரையில வேலை செய்யிற ஒரு ஓடாவிகிட்ட (படகு கட்டுற தச்சர்) விட்டு அடிப்பாகம் முழுசையும் சரி பண்ணி எடுத்தோம். கடல்ல விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, கச்சான் காத்துலயும் (மேற்குக் காத்து) ஓடிருச்சு, இப்ப வாரத்துக்கு அரை வாளி தண்ணி இறைச்சாப் போதும். மர வள்ளம் வச்சிருக்கிற நெறைய பேரு யாரை நம்பி குடுக்கிறதுன்னு தெரியாமத்தான் வித்துட்டுப் போறாங்க, அதனால நல்லது கெட்டது ரெண்டையும் விவரமா எழுதுறேன்.

முதல்ல இதுக்கு முன்னாடி நாங்க செஞ்ச தப்பைச் சொல்லிடுறேன், அது தெரிஞ்சாத்தான் இந்தப் பட்டறையோட அருமை புரியும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி கொஞ்சமா ஒழுக ஆரம்பிச்சப்ப வெளியூர்ல ஒரு ஃபைபர் வேலை செய்யிற இடத்துல கொண்டுபோய் விட்டோம், பேரு வேண்டாம். ஒரு பலகையைக்கூட கழட்டிப் பாக்கல. மேலாப்புல சுரண்டிட்டு கண்ணாடி இழை மேட் விரிச்சு ரெசின் பூசி ஆறே நாள்ல பளபளன்னு குடுத்துட்டாங்க, 95,000 ரூபா. எங்களுக்கும் சந்தோஷம்தான், இனிமே பத்து வருஷத்துக்குக் கவலை இல்லன்னு நெனச்சோம். ரெண்டாவது மழை முடியிறதுக்குள்ள அங்கங்க கொப்புளம் மாதிரி பொம்ம ஆரம்பிச்சுது, விரலால தட்டினா காலி டின்னைத் தட்டின மாதிரி சத்தம். இந்த ஓடாவி ஒரு எடத்துல உளியை விட்டு நெம்பினதும் நாலடி நீளத்துக்கு அப்படியே தோலா உரிஞ்சு வந்துச்சு, உள்ள இருந்த பலகை கருப்பா ஈரமா, புளிச்ச வாடை. எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஏன் அப்படி ஆச்சுன்னு அவரே விளக்கினாரு. இருபது வருஷத்துக்கு மேல வருஷாவருஷம் எண்ணெய் குடிச்ச பலகை அது, சாதா பாலியஸ்டர் ரெசின் அந்த எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டவே ஒட்டாது. அதுபோக மரம் தண்ணிய குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், மேல இருக்கிற ஃபைபர் ஓடு அதுகூட சேந்து அசையாது, அதனால விட்டுப்போகும். விட்டுப்போன இடுக்குல தண்ணி போய் உக்காந்தா வெளியே வர வழி இல்ல, காத்தும் போகாது. "நனைஞ்ச சட்டையோட பிளாஸ்டிக் கோட்டு போட்டு பூட்டி வச்ச மாதிரி தம்பி, உள்ளுக்குள்ளயே வெந்துரும்"னு சொன்னாரு. ஃபைபரே கெட்டதுன்னு நான் சொல்லல, கொச்சியில இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் மருந்து ஏத்தின ரப்பர் மரத்துல வள்ளம் கட்டி மேல ஃபைபர் போர்த்தி நல்லபடியா ஓட்டிக் காட்டியிருக்கு. புது மரம், நல்லா காஞ்ச மரம், முதல்லேயே அதுக்குன்னு திட்டம் போட்டு செஞ்சா அது வேற. அழுகலை மூடுறதுக்குப் போடுறது வேற, நாங்க செஞ்சது ரெண்டாவது.

இப்ப பட்டறைக்கு வர்றேன். பட்டறைன்னா ஓலைக்கொட்டகை, பக்கத்துல வள்ளம் ஏத்துற மணல்மேடு, ஒரு கைவின்ச், அவ்வளவுதான். போர்டு கிடையாது, மேப்ல வராது, பழைய தோணி வேலை பாத்த ஓடாவி யாருன்னு கேட்டுக்கிட்டே போகணும். தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போன மரத்தோணி வேலையில சின்ன வயசுலயே சேந்தவரு, அந்தத் தோணியெல்லாம் கொறஞ்சதுக்கு அப்புறம் வள்ளம், விசைப்படகுன்னு கிடைக்கிற வேலை பாக்காரு. கூட ரெண்டு பேரு: ஓடாவி வேலையே பாக்கிற அவரோட அக்கா மகன், அப்புறம் ஒரு கையாளு.

போன உடனே நான் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு ஆகும்னுதான். "பாக்காம எப்படி தம்பி சொல்ல, வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படி தெரியும்"னுட்டாரு. எனக்கு அப்ப கொஞ்சம் எரிச்சலா இருந்துச்சு, ஆனா ஆறு நாள்ல முடிச்சுத் தர்றேன்னு சொன்ன ஆளுகிட்ட ஏமாந்து வந்தவன்ங்கிறதால வாயை மூடிக்கிட்டேன்.

வள்ளத்தை மேல ஏத்தினதும் அவர் செஞ்ச முதல் காரியம், ஏராவுக்கு (வள்ளத்தோட முதுகெலும்பு மாதிரி அடிமரம்) அடியில அஞ்சு எடத்துல கட்டை குடுத்து, அணியத்துல (முன்பக்கம்) இருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரு நைலான் நூலை இழுத்துக் கட்டினாரு. ஏரா நேரா இருக்கா, நடுவுல கூன் விழுந்திருக்கான்னு பாக்கிறதுக்கு. எங்களுதுல நடுவுல அரை இஞ்சுக்கு மேல தூக்கியிருந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டு பலகையை மாத்தினா புதுப்பலகையும் அந்தக் கோணலுக்கே பூட்டிக்கும், பெறகு எந்தக் காலத்துக்கும் நிமிராதாம். நாலு நாள் எடுத்து தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடுக்கட்டையோட ஆப்பைத் தளத்தி தளத்தி வள்ளத்தோட சொந்த எடையிலயே உக்கார வச்சாரு. அவசரப்பட்டா வங்கு வெடிச்சுரும்னாரு. இந்த நாலு நாளுக்கு ஆளுக்கூலி கேக்கல, காலைல வந்து ஒரு தட்டு தட்டிட்டு நூலைப் பாத்துட்டுப் போவாரு.

அப்புறம் சோதனை. ஒரு கையில சின்ன சுத்தி, இன்னொரு கையில குத்தூசி. அடிப்பாகம் முழுக்க கையகல எடத்துக்கு ஒரு தட்டு. நல்ல பலகை கணீர்ன்னு பேசும், கெட்டது பொத்துன்னு கேக்கும், அங்க ஊசியை வச்சு அமுக்குவாரு. ஏராவை ஒட்டின முதல் பலகையில ஒரு எடத்துல ஊசி வெண்ணெய்ல எறங்குற மாதிரி எறங்கிருச்சு, அவரு என்னைப் பாக்கல, அப்பாவைத்தான் திரும்பிப் பாத்தாரு. வெளிய இருந்து பாத்தா அந்த எடத்துல குண்டூசி தலை அளவுக்கு நாலஞ்சு ஓட்டை, அவ்வளவுதான். வாச்சியால (மரம் செதுக்குற கருவி) ரெண்டு சீவு சீவினதும் உள்ள சுண்டுவிரல் போற அளவுக்கு கொழாய் கொழாயா, ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கம் வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு ஓடு. கடல்புழு. புழுன்னு சொல்லுறோமே ஒழிய அது சிப்பி இனம், குஞ்சா இருக்கும்போது பொடி ஓட்டை போட்டு உள்ள போகும், உள்ளயே மரத்தைத் தின்னு வளரும், வாசல் மட்டும் அதே பொடி அளவுலயே இருக்கும். அதனாலதான் வெளிய பாத்து ஏமாந்து போறோம். கரையில ஏத்தி நல்லா காயப்போட்டாலும், நல்ல தண்ணியில நிறுத்தினாலும் செத்துப்போகும், கட்டுமரத்தை தினமும் கரைக்கு இழுத்துப் பிரிச்சுக் காயவச்சதுல இந்த லாபமும் இருக்கு. நாங்க இன்ஜின் வச்சதுல இருந்து வள்ளத்தைக் கடல்லயே கட்டிப் போட்டு வச்சிருந்தோம், அங்கதான் புழுவுக்கு எடம் குடுத்திருக்கோம்.

இன்னொரு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. மரம் அழுகுறதுக்கு கடல்தண்ணிய விட மழைத்தண்ணிதான் பெரிய காரணமாம். உப்பு ஏறின மரத்துல அழுகல் பூஞ்சை சுலபமா வளராது, ஆனா மேல்பலகை விரிசல் வழியா மழைத்தண்ணி எறங்கி வங்குக்கும் பலகைக்கும் நடுவுல தேங்கி நின்னா அங்கதான் ஆரம்பிக்கும். எங்களுதுல அழுகின 9 வங்குல 7 இன்ஜின் ரூமுக்குப் பின்னாடி, மேல்தட்டு ஒழுகுற எடத்துக்கு நேர் கீழ. புழு வெளிய இருந்து, மழை உள்ள இருந்து.

எல்லாத்தையும் தட்டிப் பாத்து சாக்பீஸ்ல கோடு போட்டு முடிச்சுட்டு அப்புறம்தான் கணக்கு சொன்னாரு: அஞ்சு பலகை, ஒம்போது வங்கு, ஆணி பாதி, கலப்பத்து (பலகை இடுக்குல பஞ்சு அடைக்கிற வேலை) முழுசு. கோடு போட்ட எல்லா எடத்தையும் எனக்கு ஊசியால குத்திக் காமிச்சாரு. கோடு போடாத எடத்தையும் குத்திப் பாக்கச் சொன்னாரு. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் யாருக்கும் தைரியமா சிபாரிசு பண்ணுவேன், எதை மாத்தணும் எதை மாத்த வேண்டாம்னு கண்ணு முன்னாடி காமிச்சிட்டு காசு கேக்குற ஆளு.

ஆணி விஷயத்துல நான் அவர்கிட்ட ஒரு தடவை வாக்குவாதம் பண்ணினேன். துரு பிடிக்காதேன்னு எல்லாத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடலாம்னு சொன்னேன். அவரு ஃபைபர்காரங்க போட்டிருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ஒண்ணை ஈரப்பலகையில இருந்து திருகி எடுத்துக் குடுத்தாரு, தலை பளபளன்னு இருக்கு, நடுவுல எலி கடிச்ச மாதிரி குழி குழியா அரிச்சிருக்கு. காத்து படாத ஈரத்துக்குள்ள அந்த உலோகமும் அரிக்கும். அது பக்கத்துல இருந்த பழைய இரும்பு ஆணி அதைவிட மோசம், சுத்தி ஒரு ரூபா காசு அகலத்துக்கு மரமே கருப்பா மாவா போயிருந்துச்சு. ரெண்டு உலோகத்தை உப்புத்தண்ணியில பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுரும். 1780கள்ல பிரிட்டிஷ் கடற்படை புழுவைத் தடுக்க கப்பலுக்கு அடியில எல்லாம் செம்புத்தகடு அடிச்சப்ப இதே பிரச்சனையிலதான் மாட்டிச்சு, செம்புக்குப் பக்கத்துல இருந்த இரும்பு போல்ட் எல்லாம் அரிச்சுப்போய் கடைசியில போல்ட்டையும் செம்புக் கலவையில மாத்த வேண்டியதாச்சு. எங்க வள்ளத்துக்கு ஏற்கனவே இரும்பு ஆணிங்கிறதால நல்லா தடிமனா துத்தநாகம் முக்கின இரும்பு ஆணியே போட்டோம், தலையை உள்ள எறக்கி மேல மக்கு (இடுக்கை அடைக்கிற பசை) வச்சு மூடினாரு. முழுசா புதுசா கட்டுறவங்க வசதி இருந்தா செம்பு ஆணி போடுங்கன்னாரு.

பலகைக்கு அயினி, நல்லா காஞ்சது, மரக்கடையில நானே கூடப் போய் எடுத்தேன். ஒவ்வொரு பலகையையும் வெயில்ல தூக்கிப் பிடிச்சு வரி எப்படி ஓடுதுன்னு பாத்தாரு, வெள்ளைமரம் (வெளிப்பக்கத்து இளமரம்) இருந்ததை எல்லாம் ஒதுக்கிட்டாரு, கடைக்காரருக்கு மொகம் சுளிச்சுப்போச்சு. பழைய பலகையோட புதுசு சேர்ற எடத்துல நேரா வெட்டி முட்டு குடுக்காம சாய்வா சீவி ஒட்டுப்போட்டாரு, ஒரு இஞ்ச் கனத்துக்கு எட்டு இஞ்ச் சாய்வு, அதுக்கு மட்டும் எபாக்சி பசை. மேல இருக்கிற பலகையோட ஒட்டும் கீழ இருக்கிற பலகையோட ஒட்டும் ஒரே வங்குக்கு நேரா வராம பாத்துக்கிட்டாரு. அணியத்துக்கிட்ட வளையிற எடத்துக்கு பலகையை ஈரச்சாக்கு சுத்தி தீ காட்டி, ஆறு எடத்துல கிளாம்ப் போட்டு ரெண்டு நாள் விட்டாரு. ஒரு பலகை வெடிச்சிருச்சு, அதுக்கான மரக்காசை அவரே கூலியில கழிச்சுக்கிட்டாரு, நான் கேக்கவே இல்ல.

கலப்பத்து அடிச்ச மூணு நாளும் நான் லீவு போட்டுட்டு கூட இருந்தேன். பஞ்சைத் திரிச்சு எண்ணெய்ல தோச்சு பலகை இடுக்குல வச்சு, கலப்பத்து உளியைப் பிடிச்சு கொட்டாப்புளியால (மரச்சுத்தி) அடிப்பாங்க. முதல் அடி சத்தமே வராது, பொத் பொத்துன்னு கேக்கும், பஞ்சு எறங்க எறங்க சத்தம் மாறிக்கிட்டே வந்து ஒரு கட்டத்துல டங்குன்னு மணி மாதிரி கேக்கும், அந்த சத்தம் வந்ததும் கையை நிறுத்திருவாரு. அக்கா மகன் ஒரு எடத்துல அதுக்கு மேல ரெண்டு அடி சேத்து அடிச்சதுக்கு அவ்வளவு ஏச்சு. கூடுதலா அடிச்சா பஞ்சே ஆப்பு மாதிரி பலகையை வங்குல இருந்து பிரிச்சுத் தள்ளிருமாம். காஞ்ச மரம் நாளைக்கு தண்ணியில உப்பும், அதுக்கு எடம் விட்டுத்தான் அடிக்கணும். பஞ்சுக்கு மேல குங்கிலியத்தை எண்ணெய்ல காய்ச்சி சுண்ணாம்பு கலந்த மக்கு. அந்தக் குங்கிலிய வாடை கடற்கரை முழுக்க வந்துச்சு, அப்பா சின்ன வயசுல அவங்க அப்பாகூட வள்ளத்துக்கு எண்ணெய் போட்டதைப் பத்தி அன்னிக்கு பேசினாரு, அவ்வளவு நேரம் அவரு பேசி நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

வெளிப்பக்கம் தண்ணி மட்டத்துக்கு கீழ ப்ரைமர், அதுக்கு மேல செம்பு கலந்த பாசி எதிர்ப்பு பெயிண்ட் ரெண்டு கோட். கொட்டலசும் (அடியில ஒட்டி வளர்ற ஓட்டு உயிரு) பாசியும் புழுவும் ஏறாம இருக்க அதுதான். கடையில தேதி இல்லாத பழைய டப்பா குடுத்தா வாங்காதீங்க, தகரச்சேர்மம் கலந்த பழைய வகை பெயிண்டை 2008லயே உலகம் முழுக்கத் தடை பண்ணிட்டாங்க, அது சிப்பி சங்கு எல்லாத்தையும் கெடுக்கும், நம்ம கடல்லதானே நாம மீன் பிடிக்கிறோம். உள்பக்கம் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்னுட்டாரு, புன்னைக்காய் எண்ணெய் மட்டும் மூணு கை. மரம் ஒரு பக்கமாவது மூச்சு விடணுமாம்.

கணக்கு: ரெண்டு ஓடாவிக்கு நாளைக்கு 1,300 வீதம் 24 நாள், கையாளுக்கு 900, கூலி மட்டும் 84,000. மரம் 42,000. ஆணி போல்ட் 11,000, பஞ்சு குங்கிலியம் எண்ணெய் 6,500, பெயிண்ட் 18,500, ஏத்தி எறக்க 8,000. மொத்தம் 1,70,000. முன்னாடி ஃபைபருக்கு அழுத 95,000 ரூபாயை நெனச்சா இன்னும் வயிறு எரியுது, அதையும் சேத்து இதுலயே போட்டிருந்தா மேல்தட்டையும் மாத்தியிருக்கலாம்.

குறைன்னு பாத்தா நேரம். 20 நாள்ல முடியும்னு சொன்னாரு, வேலை நாள் 24தான், ஆனா காலண்டர்ல 39 நாள். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரைக்கு ஏறும், எல்லாருக்கும் அதே ஓடாவிங்கதான் வேணும். கடைசி வாரம் எங்க வேலையை விட்டுட்டு ரெண்டு பேரும் அங்க போய்ட்டாங்க, ஃபோன் எடுக்கல, நான் நேர்ல போய்த்தான் கூட்டிட்டு வந்தேன். சொல்லிட்டுப் போயிருந்தா எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது, அதை அவர்கிட்டயே சொன்னேன், தப்புதான்னு ஒத்துக்கிட்டாரு. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்ல, அதனால நம்ம மாதிரி வள்ளம் வச்சிருக்கிறவங்க பிப்ரவரியிலயே ஏத்திருங்க, இல்லன்னா ஜூலைக்கு மேல பாத்துக்கோங்க. எழுதிக் குடுக்கிற வழக்கமும் இல்ல, நான் ஒரு நோட்டுல தினமும் யார் வந்தாங்க என்ன வாங்கினோம்னு எழுதி அன்னன்னிக்கு சாயங்காலம் அவர்கிட்ட வாசிச்சுக் காமிச்சேன், கடைசியில ஒரு ரூபா பிரச்சனை வரல. நீங்களும் அப்படிச் செய்யுங்க.

கடல்ல எறக்கின அன்னிக்கு நடந்ததையும் சொல்லணும், இல்லன்னா உங்களுக்கும் நெஞ்சு நின்னுரும். எறக்கின அரைமணி நேரத்துல இடுக்கு இடுக்கா தண்ணி வேர்க்க ஆரம்பிச்சுது, ராத்திரி பத்து மணிக்குள்ள இருபது வாளி இறைச்சோம். 1,70,000 ரூபா போச்சேன்னு நான் அவருக்கு ஃபோன் போட்டேன். "படுங்க தம்பி, அது தண்ணி குடிக்குது, குடிச்சு முடிக்கட்டும்"னு சொல்லிட்டு வச்சுட்டாரு. விடியக்காலம் நாலு மணிக்கு எட்டு வாளி. மறுநாள் மத்தியானம் ரெண்டு. அன்னிக்கு சாயங்காலம் அப்பா உள்ள எறங்கி டார்ச் அடிச்சு ஏரா ஓரமா கையால தடவிப் பாத்துட்டு கையை எனக்குக் காமிச்சாரு, எண்ணெய் மட்டும்தான் இருந்துச்சு.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை ஃபோன் எடுக்காத வாரத்துக்கு. அடுத்த பிப்ரவரியில கரையில ஏத்தி பெயிண்டும் கலப்பத்தும் ஒருக்கா பாக்கணும்னு சொல்லியிருக்காரு, மேல்தட்டையும் அப்பவே மாத்திரலாம்னு இருக்கோம், அது வரைக்கும் மழைத்தண்ணி எறங்காம தார்ப்பாய் போட்டு கட்டி வச்சிருக்கு. பாக்கணும்னு நெனைக்கிறவங்க தூத்துக்குடி வந்தா சொல்லுங்க, வள்ளத்துக்குள்ள எறங்கியே பாக்கலாம்.